பந்தம் பிடித்தவன்

சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மின்வெட்டு நாள். இருட்டியதும் என் தாயார் உள்ளேயிருந்து, "தம்பி, லாம்பைக் கொளுத்து" என்றார். நண்பர் திடுக்கிட்டார். அவர்கள் ஊரில் விளக்கை ஏற்றுவார்களாம். கொளுத்துவது வீட்டையும் பேருந்தையுந்தானாம். படுக்கப் போகும்போது, "விளக்கை நூர்த்துவிடு" என்று அம்மா சொன்னதும் அவர் கைவிட்டுவிட்டார். அணைப்பதைத்தான் யாழ்ப்பாணத்தார் நூர்ப்பது என்போம் என்று நான் விளங்கப்படுத்தினேன்.

எல்லோருமாகச் சிரித்தோம். ஆனால், 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் கொளுத்தப்பட்டவை விளக்குகள் அல்ல. எங்கள் அகராதியிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டென்பதை நண்பருக்குச் சொல்லவில்லை.

விளக்கு என்ற சொல்லே பத்திரிகைக்காரனுக்கு ஒரு பொறிதான். "அமைச்சரிடம் விளக்குமாறு கேட்ட எதிர்க்கட்சி" என்று ஒருமுறை தலைப்பு எழுதிக்கொடுத்தேன். ஒப்புநோக்கும் பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எதற்கு ஐசே, பாராளுமன்றத்தைக் கூட்டவோ?" என்றார். தலைப்பை மாற்றினேன்.

எனக்குச் சுட்ட சொல் வேறொன்று. தமிழகத்தில் பெரிய மனிதர்களுக்கு ஜால்ரா அடிப்பார்கள். நாங்கள் பந்தம் பிடிப்போம். சிங்களத்திலும் அப்படியே, முகத்துதி செய்பவன் 'பந்தம்காரயா'. கண்டிப் பெரஹராவில் யானைகளுக்குப் பக்கத்தில் கொப்பரை எரியும் பந்தங்களை ஏந்தி நடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்தவே தேவையில்லை. ஊர் பார்ப்பது யானையை. புகை குடிப்பது பந்தக்காரன்.

1980களின் தொடக்கம். கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். அமைச்சரின் பேச்சுக்கு இரண்டு பந்தி போதும். நான் அரைப்பக்கம் எழுதினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் வாசலில் நின்று சத்தமிட்டதை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை; நானாகவே விட்டேன். மறுநாள் என் மேசையில் ஒரு நெருப்புப்பெட்டி இருந்தது. "பந்தம் நூந்துபோனால் உதவும்" என்றான் பக்கத்து மேசை நண்பன். அலுவலகமே சிரித்தது. மூன்று மாதம் அவனோடு நான் பேசவில்லை. அதற்குப் பிறகு, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலில் நிற்பவர்களிடம் முதலில் பேசும் பழக்கம் வந்தது. அந்தப் பெண்களின் தண்ணீரைப் பற்றி மட்டும் நான் கடைசிவரை எழுதவேயில்லை.

2004இல் என் தந்தையார் காலமானார். கிரியை ஒரு மலர்ச்சாலையில் நடந்தது. சைவ மரபில், திருப்பொற்சுண்ணம் பாடும்போது பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் ஏந்திப் பூதவுடலைச் சூழ நிற்க வேண்டும். வாழ்ந்து முடித்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை. "பந்தம் பிடிக்கிற பிள்ளைகள் வாருங்கோ" என்று ஐயர் அழைத்தார். என் அண்ணனின் பிள்ளைகள் ரொறன்ரோவில், அக்காவின் பிள்ளைகள் லண்டனில். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஐயர் இரண்டாந்தடவையும் அழைத்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, தன் மகனையும் மகளையும் முன்னால் அழைத்து வந்தான். நெருப்புப்பெட்டி வைத்த அதே நண்பன். "இவையும் அப்புவின்ரை பேரப்பிள்ளையள்தான், ஐயா" என்றான். பந்தங்களை அவனே கொளுத்திப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்தான்.

பின்னேரம் பொரளைக் கனத்தையில் தகனம் முடிந்து வெளியே வந்தபோது, அவன் என் தோளில் கைபோட்டு, "இப்ப சரிதானே ஐசே?" என்று மட்டும் கேட்டான். பந்தத்துக்கு உறவு என்றும் ஒரு பொருள் உண்டு.