பெருவிரலைச் சுற்றாதே

ஹைதராபாத் போய்விட்டு வந்து பிரியாணியைப் பற்றி எழுதாதவனை யாரும் நம்புவதில்லை. மன்னிக்க வேண்டும். தங்கை மகளின் வளைகாப்புக்காகப் போனேன். குக்கட்பள்ளியில் விசேஷம் முடிந்தபோது திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை நாள் பாக்கி இருந்தது. அந்த ஒன்றரை நாளும் நான் ஒரு சத்தத்தைத் தேடி அலைந்தேன்.

சத்தம் என் ஊருடையது. தஞ்சாவூர் ஜில்லாவில் வாய்க்கால் ஓரமாக ஒரு ரைஸ்மில். அதற்குள் ஒரு ரஸ்டன் ஆயில் இஞ்சின், படுக்கைவாட்டில், ஒரே ஒரு சிலிண்டரோடு. ஃப்ளைவீல் எங்கள் அப்பாவின் உயரம். பாதி தரைக்கு மேலே, பாதி குழிக்குள்ளே. மில் ஓடுகிறதா என்று பார்க்க யாரும் மில்லுக்குப் போகவேண்டியதில்லை. டுப்... டுப்... டுப் என்று ஊருக்கே கேட்கும். நெல்லைக் கொட்டியதும் சத்தம் கனத்துவிடும். அரைத்து முடிந்ததும் இலேசாகி, ஒன்றிரண்டு டுப்பை விழுங்கிவிட்டதுபோல் இருக்கும். "கூட்டம் இல்ல, இப்ப எடுத்துட்டுப் போ" என்று அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டே என் தலையில் மூட்டையை ஏற்றுவாள்.

நான்கு வீச்சு இஞ்சினில் காற்றை இழுப்பது ஒரு வீச்சு, அதை அமுக்குவது ஒரு வீச்சு, வெடிப்பது ஒன்று, புகையைத் தள்ளுவது ஒன்று. வேலை நடப்பது வெடிக்கிற வீச்சில் மட்டும்தான். மற்ற மூன்றும் ஓசிச் சவாரி. பல சிலிண்டர் இருந்தால் ஒன்று சும்மா இருக்கும்போது இன்னொன்று வெடிக்கும், சத்தம் ஒரே இரைச்சலாக இழையும். ஒற்றை சிலிண்டருக்கு அந்தத் துணை கிடையாது. வெடித்த வேகத்தை ஃப்ளைவீல் கடனாக வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வெடி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்று ஓடினால் 125 வெடி. இரண்டு வெடிகளுக்கு நடுவே அரை வினாடிக்கும் குறைவான சும்மா. அந்தச் சும்மாவைத்தான் காது கணக்கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இஞ்சினைப் பார்த்துக்கொண்டவரை டிரைவர் மாமா என்போம். காலையில் அவர் அதைக் கிளப்புவதைப் பார்க்க ஏழெட்டுப் பையன்கள் கூடுவோம். கடப்பாரையை ஃப்ளைவீலில் கொடுத்து நெம்பி, விளிம்பில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடு மேலே வந்து, ஒரு விரற்கடை தாண்டி நிற்கும்படி வைப்பார். பிஸ்டன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடம் அது. அதற்கு முன்னால் நின்றுவிட்டால் இஞ்சின் பின்பக்கம் சுற்றும். பிறகு அமுக்கிய காற்று அடைத்த சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறப்பார். உஸ்ஸென்று ஒரு மூச்சு. ஃப்ளைவீல் யோசித்துக்கொண்டே கிளம்பும். பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியைத் தூவுவார். கொட்டகைக்கு மேலே குழாயிலிருந்து முதல் புகை வளையமாக வரும். நாங்கள் ஓவென்று கத்துவோம்.

காற்றுச் சிலிண்டரை நிரப்ப மூலையில் ஒரு சின்ன லிஸ்டர் இஞ்சின் இருந்தது. அதை ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். மாமாவின் வலது மணிக்கட்டு சற்றே கோணலாக இருக்கும். அது லிஸ்டர் கொடுத்தது. வேகம் போதாமல் வெடித்தால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். எனக்குப் பதினான்கு வயதானபோது ஒருநாள் ஹேண்டிலைக் கையில் கொடுத்தார். நான் பிடித்த பிடியைப் பார்த்துப் பொடனியில் ஒன்று வைத்தார். "பெருவெரலச் சுத்தாதடா. நாலு வெரலோட அதையும் சேத்து வையி. ஒதைச்சா ஹேண்டில் வெரல விட்டுட்டுப் போவணும், வெரல எடுத்துட்டுப் போவக் கூடாது."

இந்த இஞ்சின்கள் நம் பக்கம் வந்த கதையில் கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் ஆயில் இஞ்சினையும் பம்பையும் வைத்துப் பார்க்கச் சொல்லி அவர் மதராஸ் மாகாணம் முழுக்க வாதாடினார். அதற்கும் முன்பே, 1892-ல் இங்கிலாந்தின் கிரந்தமில் ஹார்ன்ஸ்பி கம்பெனி, ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட்டின் இஞ்சினை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் தலையிலுள்ள இரும்புக் குமிழை விளக்கு வைத்துப் பழுக்கக் காய்ச்சினால்தான் கிளம்பும். டீசல் என்பவரின் இஞ்சின் ஒழுங்காக ஓடிக் காட்டியது 1897-ல். பெயர் என்னவோ டீசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் மில்லுக்குக் கரண்டு மோட்டார் வந்ததும் ரஸ்டனை எடைக்குப் போட்டார்கள். சம்மட்டியால் ஃப்ளைவீலை உடைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாமா அந்த இரண்டு நாளும் ஊரில் இல்லை.

ஹைதராபாத்தில் முதலில் போனது சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு. 1951-ல் நேரு திறந்துவைத்தது, இப்போது மூசி ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே ஓவியமும் தந்தமும் வாளும் அறை அறையாக இருக்கின்றன. நான் நேரே கடிகாரத்துக்குப் போனேன். கல்கத்தா குக் அண்ட் கெல்வி கம்பெனிப் பெயர் தாங்கிய பழைய இசைக் கடிகாரம் அது. பதினொன்றரைக்கே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. பள்ளிப் பிள்ளைகள், புதுமணத் தம்பதிகள், கரீம்நகர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம், தூக்கிய கைபேசிகள். பன்னிரண்டுக்குச் சில நிமிடம் முன்னால் குட்டிக் கதவைத் திறந்துகொண்டு தாடிக்கார மனிதன் ஒருவன் வந்தான். பக்கத்தில் ஒரு கொல்லன் வினாடிக்கு வினாடி சுத்தியலைப் போட்டபடி இருந்தான். மணி பன்னிரண்டு அடித்துவிட்டுத் தாடிக்காரன் உள்ளே போனான். கைதட்டல்! சினிமாவில் பார்க்காததா, கைபேசியில் இல்லாததா? ஒரு பொம்மை வெளியே வந்து மணி அடிக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் முந்நூறு பேர் காத்திருந்தார்கள். நானும் தட்டினேன்.

அங்கிருந்து சைஃபாபாத். நிஜாம் காலத்து நாணயச்சாலை, 1903-ல் அங்கே நிலைகொண்டது. நாணயம் அடிக்கிற வேலை செர்லப்பள்ளிக்குப் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 2022 ஜூனில் பழைய கட்டடத்தை அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். சுத்தம், நல்ல வெளிச்சம், ஒழுங்கான பலகைகள். இயந்திரங்களுக்கு வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: அந்தக் கூடத்தில் என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. இயந்திரம் அங்கே அசைந்தது, இங்கே அசையவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் ஹுசேன் சாகர். அதன் கரையில்தான் 1920-ல் நிஜாம் அரசு அனல்மின் நிலையம் கட்டியது. அது இருந்த பக்கத்தில் இப்போது என்.டி.ஆர். பூங்காவும் பெரிய திரையரங்கும். மின்நிலையத்தை 1990-களில் அகற்றிவிட்டார்கள். கரண்டு விநியோகிக்கும் அலுவலகம் மட்டும் பழைய பாசத்தில் நாணயச்சாலையின் மிண்ட் காம்பவுண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் இதற்கென்றே பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பாய்ண்டனில் ஆன்சன் இஞ்சின் மியூசியம், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கூல்ஸ்பிரிங் மியூசியம். குறிப்பிட்ட நாட்களில் பழைய இஞ்சின்களை எண்ணெய் விட்டுக் கிளப்பிக் காட்டுவார்கள். கிழவர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல் கேட்பார்களாம். நமக்கு அந்த மியூசியம் இல்லை. நமக்கு இருப்பது ராணிகஞ்ச்.

செகந்திராபாத்தின் ராணிகஞ்சுக்கு மறுநாள் காலையில் போனேன். பம்பு, மோட்டார், பேரிங், பெல்ட், நட்டு போல்ட் என்று இரும்பாலான தெருக்கள். நாலைந்து கடையில் "ஒற்றை சிலிண்டர், பழசு, பெரிய ஃப்ளைவீல்" என்று என் உடைந்த இந்தியில் சொன்னபோது, சீனாவிலிருந்து வந்த சின்னச் சின்ன டீசல்களைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் ஃப்ளைவீல், பச்சை வண்ணம், ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் நகல். அசல் லிஸ்டர் சி.எஸ். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்தது. 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. சி.எஸ். என்றால் விளக்கு வைத்துக் காய்ச்சாமல் குளிரிலேயே கிளம்பும் என்று பொருள். நூறு ஆண்டு நெருங்கும் அந்த உருவத்தை மாற்றாமல் ராஜ்கோட் பட்டறைகள் செய்துகொண்டே இருந்தன. அமெரிக்காவில் பித்துக்குளிகள் அதைக் கப்பலில் தருவித்து வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டார்கள்.

ரஸ்டனோடு ஒப்பிட்டால் இது பேரப்பிள்ளை. ஆனால் எங்கள் மில்லின் மூலையில் நின்ற அந்தச் சின்ன இஞ்சினுக்கு உடன்பிறப்பு.

"லேனா ஹை க்யா?" என்றார் கடைக்காரர். வாங்குவதற்கில்லை, கேட்பதற்கு என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. தமிழிலும் போதியிருக்காது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தாடி நரைத்த மெக்கானிக்கைச் "சாச்சா" என்று கூப்பிட்டார். சாச்சா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்குகிறவன் முகமா, பார்க்கிறவன் முகமா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

ராக்கருக்கு இரண்டு சொட்டு. டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தார். டீசல் பம்பின் நெம்புகோலை மேலும் கீழும் ஆட்டி, காதைச் சிலிண்டர் தலையருகே கொண்டுபோனார். கிர்க் என்று கதவுக் கீல் முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. "ஹவ்" என்றார் தனக்குத்தானே. டீசல் தூவுகிறது என்று அர்த்தம். பக்கவாட்டிலுள்ள சின்னச் சக்கரத்தை இறுக்கினார். அது அமுக்கத்தைக் கூட்டுவதற்கு. எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரைப் போட்டுவிட்டு ஹேண்டிலை மாட்டினார்.

எதிர்க்கடைப் பையன்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். புல்லட்டில் போய்க்கொண்டிருந்த, கழுத்தில் ஐ.டி. அட்டை தொங்கிய ஒரு பிள்ளை வண்டியை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் வண்டியும் ஒற்றை சிலிண்டர்தானே, சொந்தக்காரனைப் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தது.

சாச்சா ஹேண்டிலை என் பக்கம் நீட்டினார்.

நாற்பது வருஷம் கழித்து. பிடித்தேன். அவர் என் கையைப் பார்த்தார். "அங்கூட்டா நக்கோ லபேட்டோ" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். என் பெருவிரல் தானாகவே நாலு விரலோடு ஒட்டிக் கிடந்தது.

முதல் தடவை என் தெம்பு போதவில்லை. லீவரை அவர் இறக்கியதும் ஃப்ளைவீல் முட்டிக்கொண்டு நின்று, அரைச் சுற்று பின்னால் வந்தது. ஹேண்டில் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள். சாச்சா சிரிக்கவில்லை, குனிந்து எடுத்துத் துணியால் துடைத்துத் திரும்பக் கொடுத்தார். இரண்டாவது முறை பத்துச் சுற்று, பன்னிரண்டு சுற்று. தோள்பட்டை கெஞ்சியது. அவர் லீவரைத் தட்டினார்.

டுப்.

கொஞ்சம் காத்திருந்து, டுப். பிறகு டுப் டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. சந்து முழுக்கக் கறுப்பும் நீலமுமாகப் புகை. எதிர்க்கடைக்காரர் ஏதோ திட்டினார், கேட்கவில்லை. ஐ.டி. அட்டைப் பிள்ளை கைபேசியை எடுத்தான், பிறகு என்ன நினைத்தானோ, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றான்.

போதும், நிறுத்திவிடலாம் என்று சைகை காட்டினேன். சாச்சா தலையை ஆட்டினார். கிளப்பியதும் நிறுத்தக் கூடாது, சூடேற வேண்டும் என்பதை விரல்களாலேயே சொன்னார். கடைக்காரர் சாய் வரவழைத்தார். நாங்கள் இஞ்சினைச் சுற்றி உட்கார்ந்தோம். பேச வழியில்லை. மரப்பலகையில் வைத்த என் சாய் கிளாஸ் ஒவ்வொரு டுப்புக்கும் நூலளவு நகர்ந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. சாச்சா இஞ்சினைப் பார்த்தபடியே கையை நீட்டி அதை உள்ளே தள்ளி வைத்தார்.