எந்த ஹாக்கன்?

மான் வேட்டைக்கு முதல் மஸில்லோடர் வாங்கப் போகிறேன் என்று மிசோரியில் யாரிடம் சொன்னாலும், "பழைய தாம்ப்சன் சென்டர் ஹாக்கன் ஒன்றைப் பிடி" என்கிறார்கள். குழல்வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டைக் கஜக்கோலால் கிட்டித்துச் சுடும் ரகம். ஹாக்கன் சகோதரர்கள் எங்கள் செயின்ட் லூயிஸ்காரர்கள். அவர்கள் செய்த துப்பாக்கிக்கும் இதற்கும் என்ன உறவு என்று பார்த்துவிடாமல் பணத்தை நீட்ட மனம் வரவில்லை.

ஜேக்கப், சாமுவேல் இருவரும் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்கள். 1820களில் செயின்ட் லூயிஸில் கூட்டாகப் பட்டறை போட்டார்கள். 1849இல் காலராவில் ஜேக்கப் போய்ச் சேர்ந்தார்; 1862இல் பட்டறை ஜெம்மர் என்பவர் கைக்கு மாறியது. விலங்குத் தோலுக்காக மலைகளில் திரிந்த வேட்டைக்காரர் எல்லோர் தோளிலும் ஹாக்கன் தொங்கியது என்பது வெறும் கதை. அவர்களுக்குத் தோல் கம்பெனிகள் பென்சில்வேனியாவிலிருந்து மலிவான துப்பாக்கிகளைத்தான் மொத்தமாகத் தருவித்தன. ஹாக்கனுக்கு விலை அதிகம்.

அந்த மலை வேட்டைக்காரர்களில் ஒருவரான ஜிம் பிரிட்ஜரின் ஹாக்கன் மொன்டானா வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. அதுபோன்ற அசல்களின் படங்களில் பித்தளையைத் தேடினால் ஏமாற்றம்தான்: மினுக்கில்லாத இரும்பு, கனத்த நீளக் குழல், 10 பவுண்டை ஒட்டிய எடை. குதிரைமேல் போகிறவனுக்கு எடை பாரமில்லை. பெரிய குண்டுக்கு மருந்தை அள்ளிப் போட்டாலும் தோளில் உதை குறையும்.

எல்லோரும் பிடிக்கச் சொல்லும் தாம்ப்சன் சென்டர் கம்பெனியின் ஹாக்கனோ நியூ ஹாம்ப்ஷையரின் ராச்செஸ்டரில் 1970இல் பிறந்தது. வடிவமைத்தவர் வாரன் சென்டர். குழல் 28 அங்குலம், பளபளக்கும் பித்தளை, விசையில் பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில், திருகி ஏற்றி இறக்கும் குறிப்பான். அசலோடு ஒட்டுவது பெயரும் பொதுவான தோற்றமும் மட்டுமே.

இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழலுக்குள் ஓடும் புரியைப் பாருங்கள். உருண்டைக் குண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்று மெதுவான புரி பொருந்தும். நீளக் குண்டு நேராகப் பறக்க 30 அங்குலத்துக்குள் ஒரு சுற்று வேண்டும். தாம்ப்சன் சென்டர் வைத்தது 48. இரண்டுக்கும் உச்சம் இல்லை, இரண்டும் பரவாயில்லை. எந்தக் குண்டு தனக்குச் சரிப்படும் என்று இன்னும் தெரியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காலமும் இந்தத் துப்பாக்கிக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டம் இத்தகையவற்றைப் பழம்பொருள் கணக்கில் சேர்த்துக் கட்டுப்பாட்டுக்கு வெளியே விட்டது. 1972இல் 'ஜெரமையா ஜான்சன்' படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட், பனியில் உறைந்த பிணத்தின் கையிலிருந்து ஹாக்கனை எடுத்தார். 1974இல் பென்சில்வேனியா சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் பருவம் அறிவித்தது. (அங்கே இருந்திருந்தால், சக்கிமுக்கிக்குப் பதில் கேப் என்ற சிறு வெடிமூடி வைத்துச் சுடும் இது அந்தப் பருவத்தில் எனக்கு உதவியிருக்காது.)

கடைசியில் 50 காலிபரில் பழையது ஒன்றைப் பார்க்கப் போனேன். முதல் வேலை, கஜக்கோலை உள்ளே விட்டு வாயருகே அடையாளமிட்டு, வெளியே குழலோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது. கோல் அடிவரை எட்டாவிட்டால் யாரோ கிட்டித்த மருந்து இன்னும் உள்ளே கிடக்கிறது. எட்டியது. அடுத்தது துரு: கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், அன்றே வெந்நீரில் கழுவாதவர் துப்பாக்கி வெளியே எவ்வளவு மின்னினாலும் வீண். விற்பவர் பித்தளையைத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் குழலுக்குள் சிறுவிளக்கை இறக்கினேன். புரியின் விளிம்புகள் கூராக இருந்தன. பேரம் பேச ஆரம்பித்தேன்.