முட்டையும் ஒரு மதிப்பெண்தான்

"நான் போயி எழுதினேன் சார். முட்டை வாங்கியிருப்பேன். ஆனா எழுதினேன்."

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னான். அவன் கன்னத்தில் விரல் தடம் மறையவில்லை. என் திரையில் அவன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். "கம்ப்யூட்டர் ஏம்ப்பா பொய் சொல்லப் போகுது?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் போய்விட்டான். நீதான் பொய்யன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதற்கு அது சமம்.

நடந்தது 2017இல், மதுரையில் ஒரு ட்யூஷன் சென்டரில். சனிக்கிழமைதோறும் கணக்குத் தேர்வு. ராத்திரியே திருத்தி மதிப்பெண் ஏற்றிவிடுவார்கள். ஞாயிறு காலை பெற்றோருக்கு எஸ்எம்எஸ் போகும். அதுவரை நோட்டில் எழுதிச் செய்துவந்த வேலையை வலைப்பக்கமாக மாற்றித் தரச் சொன்னார் கணக்கு சார். ஒரே வாரத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். அதில் முடிவெடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மதிப்பெண் காலியாக இருந்தால் 'வரவில்லை', இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் காட்டு. காலியா என்று பார்க்க 'எம்ப்டி' என்றே பிஎச்பியில் ஒரு வசதி உண்டு. பெயரிலேயே பதில் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன யோசிக்க?

நாலு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அந்த நாலு வாரத்தில் யாரும் சைபர் வாங்கவில்லை, அவ்வளவுதான். நான் அதை என் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் அந்தப் பையனின் அப்பாவுக்கு 'வரவில்லை' என்று எஸ்எம்எஸ் போனது. தேர்வுக்கென்று கிளம்பி ஊர் சுற்றப் போயிருக்கிறான் என்று அவர் கை நீட்டிவிட்டார்.

பையன் போன பிறகு கணக்கு சார் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். அவன் தாள் இருந்தது. மூன்று பக்கம் எழுதியிருந்தான். முதல் பக்கத்து மூலையில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு வட்டம். "எழுதியிருக்கான் தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரிதான் எம்ப்டியைப் பற்றிய பக்கத்தைக் கையேட்டில் முழுதாகப் படித்தேன். எதுவும் எழுதாத வெற்றுச் சரம் அதற்குக் காலி. மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' காலி. உறுப்பு எதுவும் இல்லாத அர்ரே காலி. 0 என்ற எண்ணும் காலி, "0" என்ற எழுத்தும் காலி. யாரும் இதை ஒளித்து வைக்கவில்லை, பட்டியலே போட்டிருக்கிறார்கள். 'இங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா?' என்று நான் மனதில் கேட்டேன். 'இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?' என்று பிஎச்பியிடம் எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துபோய்த் திரும்பினாலும் பை காலிதான், கடையே திறக்காமல் திரும்பினாலும் பை காலிதான். பையை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியுமா?

இந்த மொழி இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் பிஎச்பியை வெளியிட்டபோது அது தன் சொந்த வலைப்பக்கத்துக்காக அவர் செய்துகொண்ட சின்னக் கருவித் தொகுப்பு. வலைப் படிவத்தில் 35 என்று அடித்தால் வந்து சேர்வது எண் அல்ல, மூன்று, ஐந்து என்ற இரண்டு எழுத்துகள். ஒவ்வொரு முறையும் நாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று மொழியே எழுத்தை எண்ணாக எடுத்துக்கொண்டு வேலையை நடத்தும். கேட்காமலே உதவுகிற சொந்தக்காரர் மாதிரி. கல்யாணம் நடந்துவிடும், கணக்கு மட்டும் உதைக்கும்.

எம்ப்டியைத் தூக்கிவிட்டு, மதிப்பெண் வெற்றுச் சரத்துக்குச் சமமா என்று == போட்டு ஒப்பிட்டேன். படிவத்தில் 0 அடித்துப் பார்த்தேன், 0 என்றே வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பிள்ளை சைபர். மறுபடியும் 'வரவில்லை'. நான் சோதித்தபோது படிவத்திலிருந்து வந்தது "0" என்ற எழுத்து. முடிவுப் பக்கத்துக்குத் தரவுத்தளத்திலிருந்து வந்ததோ 0 என்ற எண். எண்ணையும் எழுத்தையும் == போட்டு ஒப்பிட்டால் அன்றைய பிஎச்பி 7 எழுத்தை எண்ணாக மாற்றிவிடும். வெற்றுச் சரம் 0 ஆகிவிடும். 0க்கு 0 சமம்தானே? 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8 இந்த ஒப்பீட்டைத் திருத்திவிட்டது. எம்ப்டிக்கு மட்டும் 0 இன்றைக்கும் காலிதான். இந்த முறை யாருக்கும் அடி விழவில்லை. எஸ்எம்எஸ் போகுமுன் கணக்கு சார் நோட்டை வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் என்னை நம்பாமல் இருந்தது அந்தப் பிள்ளைக்கு நல்லதாகப் போயிற்று.

பிறகு === கற்றுக்கொண்டேன். மூன்று சமக்குறி போட்டால் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். கற்ற கையோடு அடுத்த தப்பு. 'மதிப்பெண் "நல்" இல்லை அல்லது வெற்றுச் சரம் இல்லை என்றால், வந்திருக்கிறான்' என்று எழுதினேன். காதுக்குச் சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் ஒரே மதிப்பு ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது. ஏதாவது ஒன்றாக அது எப்போதும் இல்லாமல்தான் இருக்கும். ஆகவே நிபந்தனை எப்போதும் உண்மை. வராத பிள்ளைகள் எல்லாரும் வந்தவர்களாகிவிட்டார்கள்.

நான் மறுக்க நினைத்தது "'நல்' அல்லது வெற்றுச் சரம்" என்பதை. அப்படி 'அல்லது' போட்டுச் சேர்த்த ஒன்றை மறுக்கும்போது நடுவில் உள்ள 'அல்லது' 'மற்றும்' ஆகிவிட வேண்டும். இந்த விதி அகஸ்டஸ் டி மார்கன் பெயரில் வழங்குகிறது. அவர் 1806இல் பிறந்தது இதே மதுரையில். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அவர் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் விதியிலேயே தடுக்கி விழுந்தேன். இத்தனைக்கும் நம் பேச்சிலேயே அந்த விதி இருக்கிறது. வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை என்றால் "சோறும் இல்லை, குழம்பும் இல்லை" என்போம். "சோறு இல்லை அல்லது குழம்பு இல்லை" என்று யார் சொல்வார்கள்? என் நிபந்தனையை ஒருமுறை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்திருந்தால் அந்த 'உம்' என்னைக் காப்பாற்றியிருக்கும்.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகுதான் அடிப்படைத் தப்பு கண்ணில் பட்டது. கட்டம் காலியாக இருந்தால் பையன் வரவில்லை என்று யார் சொன்னது? சார் ஏற்ற மறந்திருக்கலாம், தாள் வேறு கட்டில் போயிருக்கலாம். எனக்குத் தெரியாததை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி அதற்கு 'வரவில்லை' என்று பெயர் வைத்திருந்தேன். இதற்கு எத்தனை சமக்குறி போட்டும் பயனில்லை.

வருகைக்குத் தனிக் கட்டம் போட்டேன். தேர்வறையில் நின்றவர் அதில் குறித்தால்தான் 'வரவில்லை'. 0 முதல் 50க்குள் முழு எண் இருந்தால் அதுதான் மதிப்பெண். காலியாக இருந்தால் 'இன்னும் ஏற்றவில்லை', எஸ்எம்எஸ் போகாது. இவை எதிலும் சேராத ஒன்று வந்தால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும். கடைசி 'எல்ஸ்', அதாவது 'இல்லாவிட்டால்', அதற்கு மட்டும்தான். ஒரு மதிப்பைப் பல வாய்ப்புகளோடு ஒப்பிட பிஎச்பி 8இல் வந்த 'மேட்ச்' இதே குணம் கொண்டது. பழைய 'ஸ்விட்ச்' == போலத் தளர்வாக ஒப்பிடும். மேட்ச் === போலக் கண்டிப்பாக ஒப்பிடும், எதிலும் பொருந்தாவிட்டால் பிழை என்று கத்திவிடும். கத்துகிற நிரல் மேல்.

கணக்கு சாரோடு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடது அண்ணே. தம்பி பரிட்சைக்கு வந்திருக்கான்" என்றேன். எத்தனை மார்க் என்று கேட்டார். சைபர் என்றேன். துணியைப் பிழிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "வந்து எழுதினானா?" என்று மறுபடி கேட்டார். மூன்று பக்கம் என்றார் கணக்கு சார். உள்ளேயிருந்து, "நான்தான் சொன்னேன்ல" என்று மெதுவாக ஒரு குரல்.

இப்போது எந்த 'இஃப்' நிபந்தனை எழுதுவதற்கு முன்னாலும் ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன். வரக்கூடியதையெல்லாம் இடப்பக்கம் எழுதுகிறேன்: எண்ணாக 0, எழுத்தாக "0", வெற்றுச் சரம், வெறும் இடைவெளி, 'நல்', வராதவர்களுக்கு யாராவது பழக்கதோஷத்தில் அடிக்கிற 'ஏபி', 51, கழித்தல் 1. ஒவ்வொன்றுக்கும் நேரே வலப்பக்கம் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுகிறேன். முதல் வரி எப்போதும் 0. அதற்கு நேரே, எந்த வேலையாக இருந்தாலும், 'வந்தான்' என்றுதான் கை எழுதப் போகிறது.