சாரல்ல நனையாத கிஃப்ட்

குற்றாலத்துக்கு எதுக்குப் போறோம்? குளிக்க. அப்புறம்? சாப்பிட. அப்புறம்? மறுபடியும் குளிக்க! இந்த டைம் டேபிளில் உங்ககிட்ட ஒரு ரெண்டு மணி நேரம் கடன் கேட்கிறேன். அதைக் கடைத்தெருவுக்குக் கொடுங்க. ஏன்னா ஜூன் மாசம் சாரல் ஆரம்பிக்கும்போதுதான் காலேஜும் திறக்கும். திறந்தவுடனே வரிசையா பர்த்டே வரும். பர்ஸைத் திறந்தா காந்தித் தாத்தா ரெண்டே ரெண்டு நூறு ரூபாய் நோட்டில் சிரிப்பார். அந்த இருநூறை வச்சுக்கிட்டு ஒருத்தனை உண்மையிலேயே சந்தோஷப்படுத்த முடியுமா? இதுதான் கேள்வி.

எங்க கேங்குக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சீரியஸாவே வந்தது. நாங்க அஞ்சு பேர் கிளம்பினோம். ஆறாவது ஆள் வரலை. நாலு அரியர். ஹாஸ்டல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவன், "நீங்க போயிட்டு வாங்கல. நான் இந்த செமஸ்டரோட திருப்பூருக்குப் போயி மாமா கடையில உக்காரப் போறேன்"னு சொல்லிட்டான். அடுத்த வாரம் அவனுக்குப் பிறந்த நாள். பேர் வேண்டாம், விடுங்க.

தென்காசியில் இறங்கினதும் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்க. கோபுரத்துக்குள்ளே நுழையும்போது காத்து ஒரு பக்கம் தள்ளும், உள்ளே போனதும் இன்னொரு பக்கம் தள்ளும். டிக்கெட் இல்லாத விண்ட் டனல்! அங்கேயிருந்து குற்றாலம் அஞ்சு கிலோ மீட்டர்தான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாச்சு. அதனால பழைய டூர் புத்தகத்தில் 'நெல்லை மாவட்டம்'னு போட்டிருந்தா குழம்பாதீங்க.

இந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் மேலகரம்னு ஒரு ஊர் இருக்கு. பஸ் ஜன்னல் வழியா கடைப் போர்டில் பேரைப் படிச்சதும் எழுந்து உக்காருங்க. 'குற்றாலக் குறவஞ்சி' எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். ஸ்கூலில் மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, மறந்த அதே குறவஞ்சி! அதில் சிங்கின்னு ஒருத்தி வருவாள். ஊர் ஊராப் போய் குறி சொல்லிட்டுத் திரும்பி வந்தவள். கால் நிறைய நகை. புருஷன் சிங்கனுக்கு சந்தேகம், ஒவ்வொண்ணாக் காட்டி 'இது என்ன, இது என்ன'ன்னு கேட்பான். அவளும் அசராம, எந்த நகை எந்த ஊரில் குறி சொன்னதுக்குக் கிடைச்ச பரிசுன்னு சொல்லிக்கிட்டே போவாள். கிஃப்ட் ஐட்டங்களை லிஸ்ட் போட்டே ஒரு காமெடி டிராக்! எழுதின கவிராயருக்கும் பரிசு கிடைச்சது. மதுரை நாயக்க மன்னர் நிலமே கொடுத்தார், அதுக்குப் பேர் குறவஞ்சி மேடு. நமக்கு மேடு எல்லாம் கட்டுப்படியாகாது. கடைத்தெருவுக்குப் போவோம்.

நாங்க போன அன்னைக்கு அருவியில் வெள்ளம். போலீஸ் விசில் ஊதிக் குளிக்கத் தடை போட்டுட்டாங்க. 'ச்சே'ன்னு சலிச்சுக்காதீங்க. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். மேலே மலையில் மழை பெய்றது கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. விசில் ஊதினா விலகிடுங்க, அவ்வளவுதான். ஆனா தடை போட்டா கடைக்காரங்க முகம் வாடிடும். குளிச்சுட்டு ஈரத் தலையோட வர்ற கூட்டத்தை நம்பித்தான் கடையே. "சீஸன்ல சம்பாதிச்சாத்தான் தம்பி மிச்ச மாசம்"னு ஒரு அண்ணாச்சி சொன்னார். 2020-லயும் 2021-லயும் கொரோனாவுக்காக அருவிகளை மூடி வச்சிருந்ததைப் பத்திப் பேச்சு வந்ததும், பொம்மையைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார்.

சரி, என்ன வாங்கலாம்? முதல்ல ஒரு உண்மை. பேரருவிக்குப் போற வழியில் தொங்குற பிளாஸ்டிக் ஐட்டங்களில் முக்கால்வாசி மெரினாவிலும் இருக்கும், பழனி அடிவாரத்திலும் இருக்கும், ஊட்டியிலும் இருக்கும். எல்லாம் ஏதோ ஒரு ஊரிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்து இறங்குறதுதான். கையடக்க ஃபேன், சோப்பு நுரைத் துப்பாக்கி, கலர் லைட் எரியிற மோதிரம்... ரெண்டு நாள் ஆட்டம், மூணாவது நாள் பேட்டரி அவுட். லேசர் லைட்டைக் கையால் தொடாதீங்க. கண்ணுக்குள்ளே அடிச்சா விளையாட்டு வினையாயிடும்.

ஆனா அந்தக் குவியலில் மூணு ஐட்டம் இருக்கு.

ஒண்ணு, அரிசியில் பேர் எழுதித் தர்ற கீ செயின். நம்ம ஜெனரேஷனுக்கு முன்னாடியே ஹிட் ஆன ஐட்டம். அரிசியைத் திரவம் நிரப்பின சின்னக் கண்ணாடிக் குழாயில் போடுறாங்களே, ஏன் தெரியுமா? அழகுக்கு மட்டுமில்லை. உருளையான குழாயும் உள்ளே இருக்கிற திரவமும் சேர்ந்து ஒரு லென்ஸ்! எழுத்து ஒரு பக்கமா அகலமாத் தெரியும். எழுதின அக்காவோட கையைப் பார்த்தேன், ஆடவே இல்லை. எங்க லேபில் வெர்னியர் காலிப்பர் பிடிக்கிற கைகள் எல்லாம் வரிசையில் வந்து பாடம் படிக்கணும். ஒரே கண்டிஷன், பேர் சின்னதா இருக்கணும். 'ஸ்ரீவித்யாலக்ஷ்மி'க்கு ரெண்டு அரிசி ஆகும்.

ரெண்டாவது, பம்பரமும் மரச் சொப்பும். இதுதான் இந்தப் பக்கத்து மண்ணோட ஐட்டம். பக்கத்து அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். கடைசல் மெஷினில் மரத்தைச் சுழலவிட்டு, உளி வச்சு சீவி, சுழலும்போதே அரக்கு வண்ணத்தை அழுத்தினா சூட்டில் உருகி ஒட்டிக்கும். அந்தக் காலத்தில் மஞ்சள் கடம்பு மரத்தில் செஞ்சாங்க. சின்னக் குத்துவிளக்கு, உரல், திருகை, அடுப்பு... ஹாஸ்டலில் மெஸ் சாப்பாடு பிடிக்காத தோழிக்கு ஒரு செட் கொடுங்க, 'இதில் சமைச்சுக்கோ'ன்னு! பிளாஸ்டிக் செட் வந்து இதை ஓரம் தள்ளிட்டுது. தேடித்தான் கேட்கணும், கேட்டா எடுத்துத் தருவாங்க.

மூணாவதுதான் என்னை அரை மணி நேரம் நிறுத்தி வச்சது. தகரப் படகு. மெழுகுவத்தியில் ஓடுமே, 'டப டப'ன்னு சத்தம் போட்டுக்கிட்டு, அதே! பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது, கியர் கிடையாது. உள்ளே ஒரு சின்னத் தகரக் கொதிகலன், அதிலிருந்து பின்பக்கம் தண்ணிக்குள்ளே இறங்குற ரெண்டு மெல்லிய குழாய். சூடானதும் கொதிகலன் தண்ணி ஆவியாகி, குழாயில் இருக்கிற தண்ணியைப் பின்னாடி தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்கினதும் தண்ணி திரும்ப உள்ளே வரும். மறுபடியும் சூடு, மறுபடியும் தள்ளு.

இங்கே ஒரு சந்தேகம் வரணும், வந்தா நீங்க நல்ல இன்ஜினீயர். தள்ளும்போது படகு முன்னாடி போச்சுன்னா, இழுக்கும்போது பின்னாடி வரணுமே? வராது. வெளியே போற தண்ணி ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கும். உள்ளே வர்ற தண்ணி நாலா பக்கத்திலிருந்தும் நிதானமா வந்து சேரும். அதனால கணக்குப் பார்த்தா முன்னாடிப் போறதுதான் ஜெயிக்கும். 1891-ல் தாமஸ் பியோன்னு ஒருத்தர் இதுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கார். தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார் மூணு வாரம் போர்டில் எழுதினதை, இந்த அண்ணாச்சி அலுமினியப் பேசினில் மூணு நிமிஷத்தில் காட்டிட்டார்.

"அண்ணாச்சி, எவ்ளோ?"

"நூறு ரூவா."

"ஸ்டூடன்ட்ஸ் அண்ணாச்சி..."

"எல்லாப் பயலும் அதைத்தாம்ல சொல்லுதான். சரி, எழுவது குடு. முதல்ல குழாய்க்குள்ள தண்ணி நிரப்பிட்டுத்தான் பத்த வைக்கணும். இல்லைனா ஓடாது, அப்புறம் எம்மேல பழி சொல்லக் கூடாது."

மறக்காதீங்க, முதல்ல தண்ணி.

மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கிட்டுப் போய்க் கொடுக்கலாமேன்னு கேட்பீங்க. கொடுக்கலாம், ஹாஸ்டல் வந்து சேரும்போது மிச்சம் இருந்தா. எங்க கேங்கில் அது பிரானூர் பரோட்டாக் கடை தாண்டலை.

படகு எழுபது போச்சு. மிச்சம் நூத்தி முப்பது. இப்போ புத்தகம். அந்த மாதிரி நிலைமையில் கட்டிலில் கிடக்கிறவனுக்கு 'வெற்றிக்கு ஏழு படிகள்' டைப் புத்தகம் கொடுத்துடாதீங்க, நட்பு முறிஞ்சுடும். சுயசரிதை கொடுங்க. அதிலும் ஜெயிச்ச பக்கத்தை இல்லை, சொதப்பின பக்கத்தில் புக் மார்க் வச்சுக் கொடுங்க. 'அக்னிச் சிறகுகள்' எல்லார் வீட்டிலும் இருக்கும், முழுசாப் படிச்சவங்க கம்மி. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஃபீஸ் கட்ட அக்கா ஜொஹரா நகையை அடகு வச்சது அதில் வரும். டேராடூனில் விமானப்படை செலக்‌ஷனுக்குப் போனவர் எட்டுப் பேர் எடுத்த இடத்தில் ஒன்பதாவதா வந்தது வரும். 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி விட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது வரும். அடுத்த வருஷம் ஜூலை 18-ல் அது ஜெயிச்சது நமக்கெல்லாம் தெரியும். நடுவில் இருந்த பதினோரு மாசத்தைப் படிக்கணும்.

வைவாவில் நாக்கு ஒட்டிக்கிற ஆளா உங்க ஃப்ரெண்ட்? 'சத்திய சோதனை' கொடுங்க. நவஜீவன் பதிப்பு கேன்டீன் பில்லைவிடக் குறைச்சலா இருக்கும். பம்பாய் கோர்ட்டில் முதல் கேஸில் எழுந்து நின்ன பாரிஸ்டர் காந்திக்கு வார்த்தையே வரலை. கேஸை வேற வக்கீலுக்கு விட்டுட்டு, வாங்கின ஃபீஸையும் வேண்டாம்னு வெளியே வந்துட்டார்.

எங்க ஆளுக்கு நான் தேர்ந்தெடுத்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அய்யய்யோ, தமிழ்த் தாத்தாவான்னு ஓடாதீங்க. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பிச்சது, அப்போ நம்ம தாத்தாக்கள் வாராவாரம் காத்திருந்து படிச்சாங்க. குற்றாலத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? மேலகரம்தான்! அவர் படிச்சு வளர்ந்த திருவாவடுதுறை மடத்தின் தலைவர், அவரைத் தாங்கிப் பிடிச்ச மனுஷர், மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். பஸ் ஜன்னலில் பார்த்தோமே, அதே ஊர்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடிச்ச இடம் 1880. உ.வே.சா.வுக்கு வயசு 25. கும்பகோணம் காலேஜில் வாத்தியார் வேலை கிடைச்சாச்சு, அதாவது ப்ளேஸ்மென்ட் ஓவர். ஊருக்குப் புதுசா வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்ன படிச்சீங்கன்னு முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்குறார். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அதெல்லாம் படிச்சு என்ன ஆகப் போகுதுங்கிற மாதிரி கேட்டுட்டு, சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு அடுத்த குண்டைப் போடுறார். படிச்சதில்லை. அந்த அத்தியாயத்தோட தலைப்பே 'என்ன பிரயோசனம்?'. சிலபஸ் முழுக்க முடிச்ச ஒருத்தனைப் பார்த்து, முக்கியமான பாடத்தை நீ தொடவே இல்லைன்னு சொன்னா எப்படி இருக்கும்? அவர் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலை. ஏடு தேடினார், புரியாத இடத்தை ஜைனர் வீடுகளில் போய்க் கேட்டார். 1887-ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதுக்குப் பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறுன்னு அவருக்கு அரியர் மேல அரியர்... எல்லாம் தமிழோட அரியர்!

நூத்தி முப்பது ரூபாய்க்கு அவ்வளவு பெரிய புத்தகம் எப்படின்னுதானே கேக்கறீங்க? இங்கேதான் நம்ம டெக்னிக். எழுதினவர் மறைஞ்சு 60 வருஷம் தாண்டினா நம்ம நாட்டில் காப்புரிமை முடிஞ்சுடும். உ.வே.சா. மறைஞ்சது 1942. மதுரைத் திட்டம் மாதிரி இணைய நூலகங்களில் இலவசமா எடுக்கலாம். கலாம் புத்தகத்தில் இந்த வேலையைப் பண்ணாதீங்க, அது தப்பு, கடையில் வாங்குங்க. 'என் சரித்திர'த்தில் ஏழெட்டு அத்தியாயம் பொறுக்கி, ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்து, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்ட் பண்ற ஜெராக்ஸ் கடை அண்ணன்கிட்ட கொடுத்தேன். மேலே பிளாஸ்டிக் ஷீட், கீழே கறுப்பு அட்டை, ஸ்பைரல். முன் பக்கத்தில் 'இன்டர்னல் எக்ஸாமினர் கையெழுத்து'ங்கிற இடத்தில் நாங்க அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டோம். கூட ஒரு லெட்டர் வைக்கலாம்னு சொன்னது கேங்கில் இருந்த தென்காசிப் பையன். கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., நண்பர்களுக்கு எழுதின கடிதங்களே புத்தகமா வந்திருக்குன்னு அவன்தான் சொன்னான். நாலு வரி எழுதினோம், எல்லாம் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோட.

பர்த்டே அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம் பக்கெட்டில் படகு விட்டோம். முதல் தடவை ஓடலை. குழாயில் தண்ணி நிரப்பலையாம்! எங்க ஆள்தான் அதைக் கண்டுபிடிச்சான். ரெண்டாவது தடவை டப டபன்னு பக்கெட்டைச் சுத்தி வந்தது. பக்கத்து ரூம் பசங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க. புத்தகத்தை அவன் பிரிச்சுக்கூடப் பார்க்கலை, தலையணைக்கு அடியில் சொருகிட்டான்.

பத்து நாள் கழிச்சு மெஸ்ஸில் தட்டோட எதிரில் வந்து உக்காந்தான். திருப்பூர் பத்தி ஒண்ணும் சொல்லலை, நாங்களும் கேட்கலை.

"ஏல, அந்த முன்சீப் கடைசில சிந்தாமணி ஏட்டைக் குடுத்தாரா, இல்லையா?"

நான் பைண்ட் பண்ணினது அந்த அத்தியாயத்தோட நின்னுடுது. மிச்ச அத்தியாயங்களுக்கு ஜெராக்ஸ் கடையில் கணக்குக் கேட்டேன், ரெண்டாவது வால்யூமுக்கு நூத்தி நாப்பது ஆகுமாம். கேங்கில் ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய்.