கோல் பிடித்த வாத்தியார்கள்

தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் தனியாக உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. பி.டி. பீரியட் என்றால் வகுப்பு டீச்சரே விசிலோடு மைதானத்துக்கு வர வேண்டும். அவருக்கு ஆடத் தெரியாவிட்டால் நல்லதுதான் என்பேன். பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருமுனைப் பள்ளியில் கோலாட்டம் பழகுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதுண்டு. டீச்சர் எதிரே நின்று வலது கையைத் தூக்கினால், பாதிப் பேர் இடது கையைத் தூக்குவார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த வம்பையே வைத்துக்கொள்ளவில்லை. சின்னவள் ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன் குச்சி, அவ குச்சி, திரும்பு." அவ்வளவுதான் பாடம். தன் கோலோடு கோல் தட்டுவது எளிது. ஜோடியை விட்டு அடுத்த ஆளிடம் நகரும்போதுதான் எல்லோருக்கும் தாளம் தப்பும். "அங்கதான் எனக்கும் குழம்புச்சு. மூஞ்சியப் பாக்காத, குச்சியப் பாரு." நேற்றுத் தடுக்கியவளுக்குத்தான் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிகிறது.

ஜோடி குறைந்தால் கோலாட்டம் நடக்காது. ஒருத்தி வராத அன்று, ஓரமாக நின்று கேலி செய்துகொண்டிருந்த பையனை இழுத்து நிறுத்தினார்கள். பார்த்துப் பார்த்தே அவனுக்குப் பாதி வந்திருந்தது.

பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியாராவது இங்கே பழைய வழக்கம். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் கோலெடுத்து அடக்கவும் மூத்த மாணவர் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்தார். எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியிலும் மணலைப் பரப்பி, பெரிய பையன்களைச் சிறியவர்களுக்குக் கற்பிக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. ஆள் பற்றாக்குறைக்கும் செலவுக்கும் அது வசதி என்பதும் காரணம். சட்டாம்பிள்ளைக்கும் கோலாட்டச் சிறுமிக்கும் ஒரு வித்தியாசம்: கையில் கோல் இருந்தும் இவளால் அடிக்க முடியாது. அடுத்த தட்டுக்கு அது வேண்டும்.

திரும்பும் இடத்தில் அவளுக்கு ஒரு குட்டிக் குதி உண்டு, ஆட்டத்தில் இல்லாதது. ஒரு வாரத்தில் இரண்டாம் வகுப்பு முழுக்க அங்கே குதித்தது. டீச்சர் திருத்தப் பார்த்தார்.

"இல்ல டீச்சர், அக்கா இப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு."