கற்கடலின் அடியில் இரண்டு ஏரிகள்

ஜெர்மனி நாட்டின் தென்கிழக்கு மூலையில், ஆஸ்திரியாவுக்குள் விரல் நீட்டியதுபோல் அமைந்திருக்கிறது பெர்க்டெஸ்காடன் மலைநாடு. ஆல்ப்ஸ் மலையின் கொடுமுடிகள் அரணாகச் சூழ்ந்து நிற்க, அவற்றின் மடியில் இரண்டு ஏரிகள் உள்ளன. ஒன்று கோனிக்சே, மற்றொன்று ஹின்டர்சே. கோடையில் பெருங்கூட்டம் திரளும் இவ்விடங்களைப் பனி மூடிய அமைதியில் காண விரும்பி, சனவரித் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று நாங்கள் ஐவர் புறப்பட்டோம்.

மியூனிக் நகரில் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் நாங்கள். தமிழகத்தார் மூவர், கேரளத்தார் ஒருவர், பிலிப்பீன்ஸ் நாட்டவர் ஒருவர். செவிலியர் மூவர்; மாணவியர் இருவர். ஒரே அடுப்பில் சமைத்தபோதிலும், இரவுப் பணி, பகற்பணி, வகுப்பு என்று பிரிந்து கிடந்த எங்களுக்கு ஐவரும் ஒருங்கே ஓய்வு பெற்ற நாள் அரிதினும் அரிது. ஐவர் வரை ஒரே சீட்டில் பவேரிய மாநிலம் முழுவதும் ஒருநாள் பயணம் செய்ய இரயில்வேயினர் வசதி செய்திருக்கின்றனர். அதைப் பெற்றுக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலங்களுடன், இருள் பிரியுமுன் வண்டியேறினோம். ஃபிரைலாசிங்கில் வண்டி மாறி, பெர்க்டெஸ்காடனில் இறங்கி, பேருந்தில் சற்றுத் தொலைவு சென்றதும் கோனிக்சே எங்கள் கண்முன் விரிந்தது.

ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, இருபுறமும் செங்குத்தான பாறைகளால் நெருக்குண்டு கிடக்கும் இந்த ஏரியின் ஆழம் ஏறத்தாழ 190 மீட்டர். கரையெல்லாம் வெண்பனி மூடியிருக்க, நீர் மட்டும் உறையாமல் கரும்பச்சை நிறத்தில் அசைவற்றுக் கிடந்தது. இதற்குக் காரணம் உண்டு. நீர் நான்கு பாகை வெப்பத்தில்தான் மிகவும் கனமாயிருக்கும். மேற்பரப்பு குளிரக் குளிர அந்நீர் கீழே இறங்க, அடியிலுள்ள வெதுவெதுப்பான நீர் மேலே வரும். ஏரி முழுவதும் அந்நிலையை அடைந்த பின்னரே மேலே பனிக்கட்டி படியத் தொடங்கும். இத்துணை ஆழமான நீர் அவ்வாறு குளிர நெடுநாள் பிடிக்கும். எனவே, கோனிக்சே முழுவதும் உறைவது அபூர்வம். 2006ஆம் ஆண்டில் அவ்வாறு உறைந்தது.

நீரின் தூய்மையைக் காக்கும் பொருட்டு 1909 முதல் இங்கு மின்சாரப் படகுகளே ஓடுகின்றன. படகுத்துறையில் எங்களுள் இளையவள் தயங்கி நின்றாள். குமரி மாவட்டக் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவள் அவள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது கடலுக்குச் சென்ற அவளுடைய தந்தை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அன்று முதல் அவள் படகில் கால் வைத்ததில்லை.

"நீங்க போயிட்டு வாங்க அக்கா, நான் கரையிலேயே இருக்கேன்" என்றாள்.

"நீ இருந்தா நானும் இருக்கேன்" என்று எங்களுள் மூத்தவர் அவள் அருகில் நின்றுவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மணி அடித்தது. இளையவள் மூத்தவரின் கையைப் பற்றிக்கொண்டு, தானே முதலில் ஏறினாள்.

இயந்திர ஓசையே இல்லாத படகு, பனிக்காற்றைக் கிழித்துக்கொண்டு நழுவிச் சென்றது. ஓரிடத்தில் செங்குத்தான பாறைச் சுவரில் ஒரு சிலுவை தென்பட்டது. படகோட்டி அதன் வரலாற்றைச் சொன்னார். ஆஸ்திரியாவின் மரியா ஆல்ம் என்னும் ஊரிலிருந்து, 'கற்கடல்' எனப்படும் மலைப்பீடத்தைக் கால்நடையாகக் கடந்து, புனித பர்த்தலமேயு ஆலயத்திற்குத் திருப்பயணம் வரும் வழக்கம் 1635இல் தொடங்கி இன்றுவரை நிலவுகிறது. புனிதரின் திருநாளான ஆகஸ்டு 24ஐ ஒட்டி அது நடைபெறும். 1688ஆம் ஆண்டு, அவ்வாறு வந்த திருப்பயணிகளின் படகு கவிழ்ந்து, ஏறத்தாழ 70 பேர் இந்த நீரில் மாண்டனர். அவர்களின் நினைவாகவே பாறையில் அந்தச் சிலுவை நிற்கிறது.

சற்றுத் தொலைவில் படகை நிறுத்தி, எக்காளத்தை எடுத்து ஊதினார் படகோட்டி. அவர் ஊதி நிறுத்தியதும், எதிரேயிருந்த மலை அதே இசையை மெல்லத் திருப்பித் தந்தது. எவரும் பேசவில்லை.

1134இல் நிறுவப்பெற்ற புனித பர்த்தலமேயு ஆலயம், நீருக்குள் நீண்டிருக்கும் சிறு நிலத்தில் செந்நிறக் கும்மட்டங்களுடன் நிற்கிறது. அதன் பின்னே 2,713 மீட்டர் உயரமுள்ள வாட்ஸ்மன் சிகரத்தின் கீழைச்சுவர் வானளாவ எழுகிறது. ஆல்ப்ஸ் மலை இடையர்களுக்குப் பாதுகாவலர் இந்தத் திருத்தூதர். அவர் இந்தியாவுக்கும் வந்து நற்செய்தி அறிவித்தார் என்னும் மரபைப் பண்டைய திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு குறித்து வைத்துள்ளார். நம் நாட்டோடு உறவுடைய புனிதரைப் பனிமலை நடுவே கண்டது எங்களுக்கு ஆறுதலாயிருந்தது.

ஆலயச் சுவரின் ஓரமாய் நின்று செபமாலை சொல்லத் தொடங்கினோம். முதல் பத்து மணி முடிந்ததும் இளையவள் மெதுவாகச் சொன்னாள்:

"முந்நூறு வருசத்துக்கு முன்னால செத்தவங்களுக்கு இன்னும் சிலுவை நிக்குது. எங்க அப்பாவுக்கு மெழுகுதிரி ஏத்த ஒரு கல்லறைகூட இல்லையே அக்கா."

அதற்கு எங்களிடம் விடை இல்லை. மூத்தவர் மட்டும், "அவர் பேர் என்ன?" என்று கேட்டார். ஓராண்டுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் அந்தப் பெயரை அன்றுதான் அறிந்தோம். அடுத்த பத்து மணிகளை அந்தப் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்தோம். பின்னர் அவரவர் இழந்தோரின் பெயர்களையும் ஒவ்வொருவராகச் சொன்னோம். பிலிப்பீன்ஸ் தோழி தன் பாட்டியின் பெயரைச் சொன்னாள்.

பிற்பகலில் ராம்சாவ் வழியாக ஹின்டர்சேக்குச் சென்றோம். ராம்சாவின் புனித செபஸ்தியார் ஆலயம் 1512இல் எழுந்தது. 'அமைதியான இரவு' என உலகெங்கும் பாடப்படும் கிறிஸ்து பிறப்புப் பாடலை இயற்றிய யோசேப்பு மோர் அடிகளார், குருப்பட்டம் பெற்ற 1815ஆம் ஆண்டில் இச்சிற்றூரில் சில காலம் பணியாற்றினார்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டானது ஹின்டர்சே. ஆழம் குறைந்த ஏரியாதலின் அது எளிதில் உறைந்துவிடும். நாங்கள் கண்டபோது வெள்ளைத் துப்பட்டி விரித்ததுபோல் கிடந்தது. உருண்டு விழுந்த பாறைகளின்மேலேயே ஊசியிலை மரங்கள் வேரூன்றி, பனிச்சுமை தாங்கி நின்றன. அன்று நிகழ்ந்த பேரழிவே இன்று கண்ணுக்கினிய காட்சியாயிருக்கிறது. ஐந்து மணிக்குள் இருள் சூழவே, திரும்பும் பேருந்தில் ஏறினோம்.

அன்பு வாசகர்களே, நம் கடற்கரைப் பங்குகளில் கல்லறையின்றிப் பிரிந்தோர் எத்தனை பேர்! நவம்பர் 2ஆம் நாளன்று கல்லறைத் தோட்டத்தில் நாம் மெழுகுதிரி ஏற்றும்போது, ஏற்ற இடமின்றி வாயிலருகே நிற்கும் குடும்பம் ஒன்று இருக்கக்கூடும். அவர்களை நம் பக்கத்தில் அழைத்துக்கொள்வோம். போனவரின் பெயரைக் கேட்டறிந்து, நம் செபத்தில் சேர்த்துக்கொள்வோம். கல்லில் சிலுவை நாட்டுதல் எல்லாராலும் இயலாது. பெயரைக் கேட்பது எல்லாராலும் இயலும்.