ஒட்டு

செனாயில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நான்கு பேர் உட்காரும் செஸ்னா ஒன்றை ஹேங்கருக்குள் தள்ளும்போது அதன் வால் இறக்கை ஏணியில் இடித்துவிட்டது. தள்ளியது நாங்கள் இரண்டு பேர். உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல். சுற்றிப் பார்த்தோம், யாருமில்லை. "பட்டி வச்சு தேச்சு, பெயிண்ட் அடிச்சா தெரியாது" என்றான் கூட்டாளி. நானும் சரி என்றுதான் நினைத்தேன். காடிப் பட்டறையில் வளர்ந்தவன் நான்.

சாப்பாட்டு நேரத்தில் சோறு இறங்கவில்லை. அந்தப் பிளேனில் மாணவர்கள்தான் பறப்பார்கள். போய்ச் சொல்லிவிட்டேன்.

லைசன்ஸ் இன்ஜினியர் அண்ணன் திட்டவில்லை. "தொடாத தம்பி. முதல்ல அள" என்றார், அவ்வளவுதான். நீளம், அகலம், ஆழம், பக்கத்து ரிவெட் வரிசைக்கு எவ்வளவு தூரம். எல்லாவற்றையும் எழுதி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். பெயிண்டை உரித்து சிவப்புச் சாயம் தடவினார். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தார். சில நிமிடங்களில் ஒரு ரிவெட் ஓட்டையிலிருந்து முடி கனத்தில் சிவப்புக் கோடு எழும்பியது. விரிசல். பட்டி வைத்திருந்தால் அதற்கு அடியில் சுகமாகத் தூங்கியிருக்கும்.

காடியில் தகரம் பெரும்பாலும் மூடி மாதிரி. இந்த மாதிரி பிளேனில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த அலுமினியத் தோலும் எலும்போடு சேர்ந்து சுமை தாங்குகிறது. கையேட்டில் எந்த அளவு சேதத்தை எப்படிச் சரிசெய்யலாம் என்று இருக்கும். அதற்குள் அடங்கினால் அண்ணனே வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். எங்கள் விரிசல் அடங்கவில்லை. படங்களும் அளவுகளும் தயாரிப்பாளருக்குப் போயின. அங்கீகரித்த வரைபடம் வரும்வரை ஒரு ரிவெட்டைக்கூடத் தொட முடியாது.

சனிக்கிழமை பறக்க வேண்டிய பிளேன். முதலாளி தினமும் வந்து நின்றார். "சின்ன ஒட்டுதானே லா?"

அண்ணன் அன்றைக்குத்தான் சைனா ஏர்லைன்ஸ் 611 பற்றிச் சொன்னார். 1980இல் ஹாங்காங்கில் தரையிறங்கும்போது அந்த போயிங் 747 வாலைத் தரையில் உரசியது. கீறல் விழுந்த தோலை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டார்கள். தகடும் சேதத்தைத் தாண்டிப் போதுமான அளவு நீளவில்லை. அடியில் விரிசல் வளர்ந்தது. 22 வருடம் பறந்தது. 2002 மே 25, தைவான் நீரிணைக்கு மேல் வானத்திலேயே உடைந்தது. 225 பேர்.

முதலாளி ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் மறுநாள் வந்தார், அது வேறு.

அனுமதி வர மூன்று வாரம் ஆனது. விரிசலோடு தோலை வெட்டி எடுத்தோம், மூலைகளை வளைவாக. வெட்டிய துண்டை நான் வைத்துக்கொண்டேன். ஒட்டு முடிந்த மாலை, வேலைத்தாளில் சேதத்துக்கான காரணம் என்ற கட்டத்தை அண்ணன் காலியாக விட்டிருந்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

ஏணி, தள்ளும்போது, என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயர்.